'ஆள்' எத்தனை?

நம்பாதவர்கள் வடதுருவத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஸ்வால்பார்டுக்கு வந்து விசாரித்துப் பாருங்கள். சாட்சிக்கு சிக்முண்ட் இருக்கிறான். பேய் வர நள்ளிரவு வேண்டும் என்று எவன் சொன்னான்? ஜனவரியில் எங்களுக்கு மத்தியானமே மையிருட்டு.

அன்று என் மனைவி ராங்ஹில்டும் இன்னும் இரண்டு பேரும் உறைந்த கடல்மேல் பனியின் கனத்தை அளக்கப் போயிருந்தார்கள். மூவர் மணிக்கட்டிலும் உடல்சூட்டை அனுப்பும் பட்டை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரவுக் கோப்பு கரையிலிருக்கும் எங்களுக்கு வரும். அதில் பரிமாணங்களுக்குப் பெயர் உண்டு: 'நேரம்', 'ஆள்'. 'ஆள்' எத்தனை என்று கேட்டால் எத்தனை பேரின் சூடு பதிவாகியிருக்கிறது என்று சொல்லும், ஆளுக்கு ஒரு வரிசை. என்னோடு வேலை பார்த்த சிக்முண்ட் மகா சோம்பேறி. போனது மூன்று பேர்தானே என்று நிரலிலேயே 3 என்று எழுதிவிட்டான். நான் ஒவ்வொரு முறையும் கோப்பிடமே கேட்பேன். அன்றும் கேட்டுத் தொலைத்தேன்.

2:10. 'ஆள்' எத்தனை?

4.

சிக்முண்டின் சேட்டை என்றுதான் நினைத்தேன். சட்டையைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் அவன் வாயிலிருந்த ரொட்டி சுவரில் போய் ஒட்டியது. தன் திரையைக் காட்டினான். மூன்றே வரிசை. பின்னே, மூன்றோடு நிறுத்தச் சொன்னவன் அவன்தானே.

2:20. மறுபடியும் 4. முதல் மூன்று வரிசையும் 33 டிகிரி, மணிக்கட்டின் சூடு. நாலாவது வரிசையின் சூடு... மைனஸ் 1.8. பனிக்கு அடியில் இருக்கும் கடல்நீரின் குளிர் அது. என் தாடி முள்ளம்பன்றியாக நட்டுக்கொண்டது.

வயர்லெஸ்ஸில் ராங்ஹில்டைக் கூப்பிட்டு, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மூணு பேருதான். ஏன் கிழவா, எண்ண மறந்துட்டியா?"

"திரும்பிப் பாரு. பின்னால யாரு?"

கர்ர்ர்... கர்ர்ர்... 2:30 கோப்பிலும் 4.

2:39.

"யாருமில்ல... ஏன் கேக்கிற?"

அவள் குரல்தான். அவள் குரல் மாதிரிதான்.

2:40. 'ஆள்'... 3.

அப்பாடா.

பிறகு வரிசைகளைப் பார்த்தேன்.

33.

33.

மைனஸ் 1.8.

5:15க்கு மூவரும் வந்து சேர்ந்தார்கள். சிரித்தார்கள். ராங்ஹில்ட் கையில் அவளுடைய ஏழாம் எண் பட்டை. கொதிக்கக் கொதிக்க மூன்று கோப்பை காபி குடித்தாள். ஊதவே இல்லை.

மே மாதம் முக்குளிப்பவர்கள் பனிக்கு அடியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து வந்தார்கள். எண் ஏழு. அதன் பதிவு 2:38க்கு நின்றிருந்தது. பட்டையைச் செய்தவர்களிடம் கேட்டேன். ஏழாம் எண்ணில் ஒன்றே ஒன்றுதான் செய்தார்களாம்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துபவள் யார்...

அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.