கீழ்வேளூர் கண்ணாடி ரூம்

தன் வயசில் பாதியைக் கத்தாரில் கண்ணாடி மாட்டியே கழித்தவர் மீரா உசேன். அடுக்குமாடிகளின் வெளிப்புறத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்து முழங்கால் தேய்ந்துபோனதும் கீழ்வேளூருக்குத் திரும்பினார். வந்தவருக்குப் பொழுது போகவில்லை. அடுப்படிக்கு வந்து நின்று, மீனில் மஞ்சள் கூடிவிட்டது என்று அவர் குறை சொல்ல ஆரம்பித்ததும், மனைவி ஹலீமா அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

அது ஹலீமாவின் பூர்வீக வீடு. அதன் வடக்கு ஓரத்தில், தேக்குச் சட்டங்களில் கண்ணாடி பதித்த கூடம் ஒன்று இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது கண்ணாடி ரூம். பினாங்கில் வியாபாரம் பார்த்த ஹலீமாவின் பாட்டனார், அங்கேயே மணந்து அழைத்துவந்த பெண்ணுக்காகக் கட்டியது. அந்தம்மாவுக்குச் செடிகள் என்றால் உயிர். கப்பலில் ஆர்க்கிட் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். இந்த வெயிலில் எவனாவது கண்ணாடியில் வீடு கட்டுவானா என்று ஊரே சிரித்தது. அவர் காலத்துக்குப் பிறகு அங்கே வடகம்தான் காய்ந்தது. கஜா புயல் கண்ணாடிகளை வாரிக்கொண்டு போனபின் சட்டங்கள் மட்டும் எலும்பாக நின்றன.

"இடிச்சுட்டு ரெண்டு போர்ஷன் கட்டலாம் மச்சான்" என்றார் ஹலீமாவின் தம்பி ஜெகபர் அலி.

"ஊரான் கட்டடத்துக்கெல்லாம் மாட்டுன மனுஷன், என் வீட்டுக்கும் மாட்டட்டும். அப்புறம் பேசு" என்றாள் ஹலீமா.

மீரா உசேனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உள்ளுக்குள் இனித்தது.

தை பிறந்ததும் வேலை தொடங்கியது. செல்லரித்த சட்டங்களை ஆசாரி கண்ணுசாமி மாற்றிக் கொடுத்தார். நாகப்பட்டினத்தில் இடிபட்ட பங்களா ஒன்றிலிருந்து பச்சையும் நீலமுமாகப் பழைய கண்ணாடிகள் கிடைத்தன. கூரையின் உச்சியில் வரிசையாக இருந்த திறப்புகளைப் புயல் செய்த சேதம் என்றெண்ணிப் பலகை வைத்து அடைத்தார் மீரா உசேன். இண்டு இடுக்கெல்லாம் சிலிகான் பசை பூசினார். ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது.

ஹலீமா பெரணியும் ஆர்க்கிட்டும் வாங்கி ஆசையாக அடுக்கினாள். சித்திரை வெயிலில் எல்லாம் வெந்த கீரையாகத் துவண்டன. அவள் தொட்டிகளைத் தூக்கிக் கிணற்றடி நிழலில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் உச்சி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். சட்டை நனைந்தது. மூச்சு முட்டியது. அண்ணாந்து பார்த்தார்.

"ஹலீமா! மேல வரிசையா ஓட்டை இருந்துச்சே, அது எதுக்கு?"

"வெக்கை வெளிய போறதுக்கு. வெயில் காலத்துல கூரைக் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சு, வெட்டிவேர்த் தட்டியில தண்ணி தெளிப்பாங்களாம். அத்தா சொல்லுவாங்க."

"முன்னாடியே சொல்லக்கூடாதா புள்ள?"

"நீங்க ஏணியில நின்னு பாட்டுப் பாடிக்கிட்டே அடைச்சீங்க. இவ்வளவு சந்தோஷமா உங்கள நான் பாத்ததே இல்ல. எப்படிங்க வாய் வரும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

அன்று மாலையே பலகைகளைப் பிடுங்கினார். திறந்து மூடும்படி மரத் தடுப்புகள் செய்து தந்தார் கண்ணுசாமி. கூரைக்குச் சுண்ணாம்பு ஏறியது. வாசலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கியது. செடிகளில் பாதி போய்விட்டது. மீதி ஆடிக்காற்றில் தளிர்த்தது.

தன் மகளுடைய நிச்சயதார்த்தத்தைக் கண்ணாடி ரூமில்தான் வைக்க வேண்டும் என்று ஜெகபர் அலி இப்போது பிடிவாதம் பிடிக்கிறார். செடி மேல் யார் கையும் படக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சம்மதித்திருக்கிறாள் ஹலீமா.