பெற்றோல் தாங்கியில் லூர்துத் தண்ணீர்

என் அண்ணனும் நானும் ஒரு பந்தயக் காரைச் சேர்ந்து கட்டினோம். அதனால் எங்களுக்குள் ஒற்றுமை வளர்ந்தது என்று எவரும் எண்ண வேண்டாம். பாரிசின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் உறவினர் ஒருவரின் கராஜில் இரண்டு குளிர்காலங்கள் வேலை செய்தோம். உடைப்பதற்கென ஒதுக்கப்பட்டிருந்த பழைய சிறிய கார் ஒன்றினுள், விபத்தில் சிக்கிய வான் வண்டியின் எஞ்சினைப் பொருத்தினோம். கார் உருண்டால் தலை நசுங்காதிருக்க, உள்ளே இரும்புக் குழாய்களால் ஒரு கூடு அடித்தோம். வெல்டிங் அவனுடையது, மின்வயர்கள் அனைத்தும் என்னுடையவை. ஆனால் ரூ லூயி-பிளாங் தெருவில் அவன் வேலை செய்யும் தொலைபேசிக் கடையில் படங்களைக் காட்டும்போது அது "என்ர கார்" ஆகிவிடும்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து அக்கடைக்குப் போன என்னிடம் அவனுடைய நண்பன் கேட்டான்: "தங்கச்சி, இலக்கியம் படிக்கிற இடத்திலை கார் ஓட்டவும் பழக்கினமோ?"

அண்ணன் முந்திக்கொண்டான்: "இவள் எங்கை ஓட்டுறது? நட்டுப் பொறுக்கித் தருவாள்."

இருவரும் சிரித்தார்கள். நான் வெளியேறினேன். அன்று மாலை வீட்டில் ஒரு நிபந்தனை விதித்தேன்: பந்தய நாளின் காலைப் பயிற்சியில் யாருக்குக் குறைந்த நேரமோ, அவரே இறுதிப் போட்டியில் ஓட்டவேண்டும். அண்ணன் யோசிக்காமலே "ஓம்" என்றான். யோசித்திருந்தால் மறுத்திருப்பான்.

பந்தயம் பாரிசுக்கு வடக்கே, அறுவடை முடிந்த ஒரு வயலில் நடந்தது. ஓட்டோகுறோஸ் எனப்படும் இந்தக் கார்ப் பந்தயம் பெரிய மைதானங்களின் விளையாட்டு அல்ல. களிமண் தடம், ஓரத்தில் வைக்கோல் கட்டுகள், வார நாள்களில் வேறு வேலை செய்யும் மனிதர்கள் வீட்டில் கட்டிய கார்கள், அவ்வளவுதான். காலையில் நான் அண்ணனைவிட இரண்டு விநாடிகள் விரைவாக ஓட்டினேன். நேரம் எழுதிய பலகையை அவன் இரண்டு முறை வாசித்தான்.

"என்னை ஈரத்திலை விட்டவங்கள். உனக்குத் தடம் காய்ஞ்சிட்டுது."

"பத்து நிமிசத்திலையோ?"

"வாயை மூடு."

எங்களுடன் வந்திருந்த அம்மா மடக்குக் கதிரையில் செபமாலையுடன் இருந்தார். நான்தான் ஓட்டப்போகிறேன் என்று அறிந்ததும் அவருடைய முகம் மாறியது. "பொம்பிளைப் பிள்ளை, முகத்திலை காயம் பட்டால் ஆர் கட்டுவான்?"

"ஹெல்மெட் போடுறனம்மா."

"ஹெல்மெட்டைப் பாத்தோ பொம்பிளை கேட்டு வருவினம்?"

இறுதிப் போட்டி தொடங்கியது. முதற் சுற்றின் முடிவில் நான் மூன்றாவதாக இருந்தேன். இரண்டாம் சுற்றில் எஞ்சின் இருமியது, குலுங்கியது, வளைவின் நடுவே நின்றுவிட்டது. கடந்துபோன கார்கள் என்மீது சேற்றை வாரியடித்தன. இறுதியில் ஒரு டிராக்டர் என்னை இழுத்து வந்தது.

அண்ணன் எல்லோருக்கும் கேட்கக் கத்தினான்: "கியர் மாத்தத் தெரியாமல் எஞ்சினைச் சாகடிச்சிட்டாள்!" அயலில் நின்றவர்களுக்காக அதையே பிரெஞ்சிலும் சொன்னான். நான் பெற்றோல் குழாயைக் கழற்றி, வெறும் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் வடித்தேன். மேலே மஞ்சளாய்ப் பெற்றோல். அடியில் நிறமற்ற ஓர் அடுக்கு.

"தண்ணி" என்றேன்.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆண்டுதோறும் பஸ் பிடித்து லூர்து மாதா திருத்தலத்துக்குப் போய், மாதா உருவிலான பிளாஸ்டிக் போத்தல்களில் தீர்த்தம் கொண்டுவரும். காய்ச்சல்காரரின் நெற்றி, பரீட்சைப் பேனா, விசாப் படிவம் என்று அம்மா தெளிக்காத பொருள் இல்லை. அவர் எழுந்து வந்தார். எதையும் மறைக்கவில்லை.

"ஓம், நான்தான் ஊத்தினனான். பெற்றோல் மூடி திறந்து கிடந்தது. மேலாலை தெளிச்சால் சேத்தோடை போயிடும். உள்ளுக்கை விட்டால் கார் முழுக்கக் காவலெண்டு நினைச்சன்."

"முழுப் போத்திலுமோ?"

"உன்ர உயிரல்லோ, பிள்ளை. அதிலை மிச்சம் பிடிக்கேலுமோ?"

அவரிடம் என்னால் கோபப்பட முடியவில்லை. ஆனால் போட்டிக்கு முன் பெற்றோல் நிரப்ப அந்த மூடியைத் திறந்தவன் அண்ணன்.

"அம்மா ஊத்தேக்கை நீ எங்கை நிண்டனீ?"

"பக்கத்திலைதான்."

"கண்டனியோ?"

"கண்டனான்."

"கண்டும் பேசாமல் நிண்டனியோ?"

"அம்மான்ர பக்தியிலை நான் ஏன் தலையிட? நீதானே எல்லாம் தெரிஞ்ச ஆள். ஏற முன்னம் பாத்திருக்கலாமே."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மா அறியாமல் செய்ததை அவன் அறிந்தே நடக்கவிட்டிருந்தான். என் தோல்விக்காகத் தன் காரையே பலிகொடுக்கவும் தயாராக இருந்திருக்கிறான்.

இத்தகைய கார்களில், குழாய்களுக்கிடையே புகுந்து உட்காருவதற்காக ஸ்டியரிங் சில்லைக் கழற்றக்கூடியதாகவே பொருத்துவார்கள். நான் அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

"எங்கை கொண்டுபோறாய்?" என்று அவன் பின்னால் கத்தினான்.

கிராமத்து நிலையத்தில் ரயிலேறி, பாரிசின் லா சப்பலில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தனியே வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து அந்த ஸ்டியரிங் என் அலுமாரியில், பூட்டுக்குள் இருக்கிறது. அவன் புதியது ஒன்றை வாங்கலாம், வாங்கவில்லை. நானே அதை அவன் கையில் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்பதே அவனுக்குத் தேவை.

போன ஞாயிற்றுக்கிழமை மதிய உணவின்போது, என் முகத்தைப் பாராமல் சொன்னான்: "அடுத்த போட்டிக்குப் பேர் குடுக்கவேணும். ஸ்டியரிங்கைத் தா."

"ஆரின்ர பேரைக் குடுக்கப்போறாய்?"

அவன் சோற்றைப் பிசைந்தான். அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நான் மீன்குழம்பை என் பக்கம் இழுத்து, சோற்றில் விட்டுக்கொண்டேன்.