நாப்பத்தேழாம் நம்பரும் ஒரு பசுமாடும்

சட்டம் எப்பிடி இருக்கும்னு யாராச்சும் கேட்டா, காலுல நனஞ்ச சப்பாத்தும் கையில கிழிஞ்ச குடையுமா இருக்கும்னு தான் சொல்லுவேன். நான் பாத்தது அப்பிடித்தான்.

எழுபதுகள்ல, பதுளையிலயிருந்து பஸ்ல ஒரு மணி நேரம் ஏறிப் போற ஒரு தேயிலத் தோட்டத்து ஆபீஸ்ல நான் சின்ன கிளாக்கர். செக்ரோல் எழுதுறது என் வேல. யாரு எத்தன நாள் வேலைக்கு வந்தாங்க, எத்தன ராத்தல் கொழுந்து எடுத்தாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். அதப் பாத்து மாசாமாசம் ஈ.பி.எஃப்-க்கு, அதாவது வயசான காலத்துக்குச் சேக்குற நிதிக்கு, பேர் வாரியா விவரம் அனுப்பணும். கையெழுத்து அழகா இருக்குன்னு என்ன வேலைக்கு எடுத்தாங்க. மூள இருக்கான்னு யாரும் கேக்கல.

எங்க தோட்டத்துல ஒரு பழக்கம். அம்மாக்காரி வேலய விட்டா, அவ கொழுந்து எடுத்த நெரைக்கு மக போய் நிப்பா. நெரையோட சேத்து அம்மாவோட நம்பரும் மகளுக்குத்தான். காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல கணக்கப்புள்ள "நாப்பத்தேழு!"ன்னு கூப்புட்டா, நேத்து வரைக்கும் அம்மா வந்தா, இன்னிக்கு மக வருவா. பேர யாரு பாத்தா? நானும் பாக்கல. புது ஆளுன்னா புதுப் பேரு எழுதணும், புது ஃபாரம் அனுப்பணும். நம்பர் தான் இருக்கேன்னு நான் பாட்டுக்கு மூணு வருசம் எழுதிக்கிட்டே போனேன்.

ஒரு நாள் அந்த நாப்பத்தேழாம் நம்பர் அம்மா ஒரு கடுதாசியோட வந்து ஆபீஸ் சன்னல்ல நின்னாங்க. நிதிக் காசக் கேட்டு எழுதியிருந்தாங்களாம். வந்த பதில், இவர் இன்னும் வேலையில் இருக்கிறார், தர முடியாதுன்னு.

"நான் இன்னும் வேல செய்றேனாமே ஐயா. எனக்கே தெரியாம நான் எப்ப மலைக்குப் போறேன்?"ன்னு கேட்டாங்க.

மக செஞ்ச வேலயெல்லாம் அம்மா பேருலயே எழுதியிருக்கேன்னு அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. பெரிய கிளாக்கர்கிட்ட போய் விசயத்தச் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு இரு. இது வெளிய போனா ஒன் வேலயும் போகும், என் மானமும் போகும்"னாரு. எனக்கு மொதல் விசயந்தான் காதுல விழுந்துச்சு.

அந்த அம்மாவுக்கு ஒரு ஆச இருந்துச்சு. மூணாவது லயத்துல ஒருத்தர் பசுமாட்ட விக்கிறதா இருந்தாரு. பொங்கல் வரைக்கும் ஒங்களுக்காக வச்சிருப்பேன், அதுக்கு மேல முடியாதுன்னு சொல்லிட்டாரு. அதனால எங்க பதிலுக்குக் காத்திருக்காம, பஸ் ஏறிப் பதுளையில இருக்குற லேபர் கந்தோருக்கே, தொழிலாளி மொறப்பாடு கேக்குற அரசாங்க ஆபீசுக்கே, போயிட்டாங்க.

அடுத்த வாரம் காலையில, முன்கூட்டி ஒரு வார்த்த சொல்லாம ஒரு மெலிஞ்ச மனுசர் வந்து நின்னாரு. லேபர் ஆபீசர். ஜீப் இல்ல, பொலிஸ் இல்ல. பஸ்ல எறங்கி, கிழிஞ்ச குடையோட மழையில நடந்தே வந்திருக்காரு. நனஞ்ச சப்பாத்தக் கழட்டுனா, கால்மேசுக்குள்ள அட்ட ஒன்னு ரத்தம் குடிச்சு உருண்டு கெடந்துச்சு. "இதுவும் சொல்லாமத்தான் வந்துச்சு"ன்னு சொல்லி அதுக்கு உப்பு கேட்டாரு.

உப்பு எடுக்கப் போன எடத்துல பெரிய கிளாக்கர் என் காதுல, "ஈ.பி.எஃப் புத்தகத்த மட்டும் காட்டு. அதுல அந்தப் பொம்பள வேல செய்றதாத்தான் இருக்கு"ன்னாரு.

நியாயந்தான். ஆனா ஆபீசர் என்ன நிமிந்து பாத்து, "பதிவு எல்லாத்தையும் பாக்க எனக்கு அதிகாரம் இருக்கு தம்பி. மறச்சா கோடு"ன்னாரு பாருங்க, கோடுன்னா நீதிமன்றம், அந்த வார்த்தைய கேட்டதும் எனக்கு எது குடுக்கலாம், எது கூடாதுன்னே மறந்து போச்சு. அலுமாரியில கெடந்த அத்தனையையும் தூக்கிட்டு வந்து போட்டேன். செக்ரோல், அரிசிப் புத்தகம், பிரசவக் காசுப் புத்தகம், தோட்டத்து நாய் லைசன் கொப்பி வரைக்கும்.

ஆபீசர் அந்த அம்மாவக் கூப்புட்டாரு. பெரிய கிளாக்கரும் பக்கத்துல உக்காரப் போனாரு.

"நீங்க வெளிய நில்லுங்க. தொழிலாளிய தனியா விசாரிக்கச் சட்டம் இருக்கு."

பத்தொம்பது வருசமா அந்த ஆபீஸ ஆண்ட மனுசன், மழத்தூவானத்துல சன்னலுக்கு வெளிய நின்னு எட்டிப் பாத்தாரு. எனக்குப் பயத்துலயும் சிரிப்பு வந்துச்சு.

ஆபீசர் புத்தகங்கள ஒன்னொன்னாப் பொரட்டிக்கிட்டே வந்தவரு பிரசவக் காசுப் புத்தகத்துல நின்னுட்டாரு. என்னோட அழகான கையெழுத்து: நாப்பத்தேழாம் நம்பர், அம்மாவோட பேரு, ஆம்பளப் புள்ள, சுகப் பிரசவம்.

"அம்மா, ஒங்களுக்கு வயசு என்ன?"

"அம்பத்தெட்டு சேர்."

"அப்ப ரெண்டு வருசத்துக்கு முன்ன, அம்பத்தாறுல, ஒங்களுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கே?"

அந்த அம்மா முந்தானையால வாயப் பொத்துனாங்க. "ஐயய்யோ, எம் புருசன் செத்தே பத்து வருசமாச்சு சேர்! இந்த ஐயா என் மானத்த வாங்கிட்டாரே!"

வெளிய கூடி நின்ன கூட்டத்துக்குள்ள இருந்து மக, "அந்தப் புள்ள என்னுது! இந்தா பாருங்க!"ன்னு இடுப்புல இருந்த பயல தூக்கிக் காட்டுனா. பயலும் ஆபீசரப் பாத்து ஒரு சத்தம் போட்டான். அதுக்கு மேல சாட்சி எதுக்கு?

ஆபீசர் சிரிச்சுச் சிரிச்சு மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அப்புறம் சிரிக்காம ஒரு தாள்ல எழுதுனாரு. பதினாலு நாளுக்குள்ள அம்மா வேலய விட்ட தேதிய திருத்தி அனுப்பணும், மகளுக்குத் தனிக் கணக்குத் தொறக்கணும், மூணு வருசத்துக் காச அவ பேருக்கு மாத்தணும், இல்லாட்டி தோட்டத்த நடத்துற தொரையும் பெரிய கிளாக்கரும் கோட்டுக்கு வரணும். ஒத்தத் தாள். பெரிய கிளாக்கர் அத ரெண்டு கையாலயும் வாங்குனாரு. பொறவு என்னப் பாத்த பார்வையில என் வேல அப்பவே பாதி போயிருச்சு.

பதினாலு நாளெல்லாம் நான் எடுக்கல. மூணாவது நாளே திருத்தி எழுதி, நானே பஸ்ல பதுளைக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். பெரிய கிளாக்கர் ஒரு மாசம் என்னோட பேசல. ஆபீஸ் அவ்வளவு அமைதியா இருந்ததே இல்ல.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கக் காசு வந்துச்சு. மாடும் வந்துச்சு. அந்த அம்மா மாட்டக் கையில புடிச்சுக்கிட்டு ஆபீஸ் வழியாத்தான் வந்தாங்க. சன்னல்ல நின்னு, "ஐயா, இதுக்கு நம்பர் கிம்பர் போட்றாதீங்க. பொறவு கன்னுக்குட்டிய நான் பெத்ததா எழுதிப்புடுவீங்க"ன்னாங்க.

அன்னையிலயிருந்து அந்த வீட்டுப் பால் தான் எனக்கு. பாலக் கண்ணுல பாத்தாலே தெரியும், அதுல பாதி நம்ம ஊத்துத் தண்ணி. ஆனா பாலச் சோதிக்க எந்தச் சட்டமும் எனக்கு அதிகாரம் குடுக்கல. நானும் முழு வெல குடுத்து, வாய மூடிக்கிட்டுக் குடிச்சேன்.