சூடு கழிகிறது என்றிருந்தோம்

டொக்டர் அதைச் சொன்னபோது அம்மாவும் நானும்தான் நின்றோம். எங்கள் தகப்பன் ஐயா அங்கே இல்லை, அண்ணனுக்கு ஏற்றுவதற்கு இரத்தம் கொடுத்துவிட்டு அடுத்த அறையில் படுத்திருந்தார். அண்ணி இல்லை, பிறந்து ஒரு மாதமான பிள்ளையோடு எங்கள் ஊர் விசுவமடுவில் இருந்தா. அண்ணன் எங்களுக்கு முன்னால் கட்டிலில் கிடந்தார். ஆனால் எதையும் கேட்கிற நிலையில் இல்லை.

"தாய் வழியாலை வாறது," என்றார் டொக்டர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ஐயா யாழ்ப்பாணத்தில் சொந்தக் காணி இல்லாமல், அரசாங்கம் காணி கொடுத்த குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். அண்ணன் சிறு வயதிலேயே அவரோடு வயலில் இறங்கிவிட்டார். அவர் விளைவித்த நெல்லை விற்றுத்தான் கொழும்பில் மருந்தாளர் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள்.

மலேரியா ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. சுவருக்கு மருந்தடிக்க வருகிறவர்கள்கூட வருவதைக் குறைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நெல் அரிவு வெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் காய்ச்சல் மறுபடியும் வீடு வீடாக வந்தது. அண்ணனையும் பிடித்தது. மலேரியாக்காரர் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போனார். பிறகு வந்து இரண்டு வகை மாத்திரை கொடுத்தார். வெள்ளை மாத்திரை இரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும். ஈரலில் ஒளிந்திருப்பது அதற்கு எட்டாது. அதை அழிக்கத்தான் சின்னக் கபில நிற மாத்திரை. அதை இரண்டு கிழமை, பதினாலு நாளும், தின்ன வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சல் திரும்பி வரும். இவ்வளவும் நானும் வகுப்பில் படித்திருந்தேன்.

அப்போது நான் கொழும்பில். வீட்டில் நடந்ததை அண்ணி பிறகு சொன்னா.

எங்கள் ஆட்களுக்கு இங்கிலிஸ் மருந்து என்றால் சூடு. அதைத் தின்றவன் உடம்பிலிருந்து அந்தச் சூட்டை இறக்க வேண்டும். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா, இளநீர் கொடுத்தா, தலைக்கு நல்லெண்ணெய் வைத்தா. நாலைந்து நாளில் அண்ணனுக்கு மூத்திரம் பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போகத் தொடங்கியது. அம்மாவுக்கு அப்போதுதான் மனம் ஆறியது.

"சூடு கழியுது மோனை. பார், எவ்வளவு சூட்டை உள்ளுக்கை வைச்சிருந்தனீ!"

பக்கத்துக் காணி மாமிக்கு இது பொறுக்கவில்லை. "எங்கடை மனிசனும் உதே மாத்திரையைத்தான் விழுங்குது. பச்சைத்தண்ணி மாதிரித்தான் போகுது. ஆள் பாத்துக் குடுத்திருக்கிறாங்கள்."

"மாமாவிட்டைக் கழியிறதுக்குச் சூடு எங்கை மாமி இருக்கு?" என்றாராம் அண்ணன். "முழுக்க உங்களிட்டையெல்லோ!"

மாமியும் சிரித்தாவாம். அடுத்த நாள் தன் மனிசன் தின்னாமல் விட்ட கபில மாத்திரைகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தா. "ஒத்துக்கொண்டவனே தின்னட்டும். ஏன் வீணாக்குவான்?" அன்றிலிருந்து அண்ணன் காலையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரை விழுங்கினார்.

மூத்திரம் இன்னும் கறுத்தது. வயல் வரம்பில் ஏற மூச்சு வாங்கியது. கண் மஞ்சளானதும் அம்மா செங்கமாரி என்று நினைத்து, கீழ்க்காய்நெல்லியை ஆட்டுப்பாலில் அரைத்துக் கொடுத்தா, உப்பை நிறுத்தினா. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் தவற விடவில்லை. அரிவு வெட்டுக்குள் காய்ச்சல் திரும்பிவிடக் கூடாதே.

நான் லீவில் வந்து பரந்தனில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனபோது, அண்ணன் நெல்லு மூட்டையில் சாய்ந்திருந்தார். உதடு சாம்பல் பூத்திருந்தது.

"என்ன டொக்குத்தர், கை பிடிச்சுப் பாக்கப்போறியோ?" என்றார். மருந்தாளர் வேறு, டொக்டர் வேறு என்று எத்தனையோ தரம் சொல்லியும் அவர் விடவில்லை. அந்த ஒரு வசனத்துக்கே அவருக்கு மூச்சு முட்டியது.

உழவு மெசினில் பரந்தன் வரைக்கும் கொண்டுபோனோம். அங்கிருந்து வாடகைக் காரில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு.

டொக்டர் இளம் ஆள். கோபப்படாமல் விளங்கப்படுத்தினார். "மாத்திரை நஞ்சில்லை அம்மா. ஊரிலை எத்தினையோ பேர் திண்டு சுகமாயிருக்கினம். சிவப்பணுவுக்குள்ளை ஒரு பொருள் இருக்கவேணும், அதுதான் உந்த மருந்தின்ரை தாக்கத்தைத் தாங்கிறது. இவருக்குப் பிறவியிலையே அது போதாது. மருந்து போகப்போக அணுக்கள் உடைஞ்சு போச்சுது. மூத்திரத்திலை வந்தது சூடில்லை. உடைஞ்ச இரத்தம். வெளிநாட்டிலையே இதைக் கொஞ்சக் காலத்துக்கு முன்னந்தான் கண்டுபிடிச்சவை."

அதற்குப் பிறகுதான் தாய் வழி என்றார்.

நான் சட்டைக் கையை மடித்தேன். "என்ரை இரத்தத்தை எடுங்கோ."

"நீரும் அதே தாயின்ரை பிள்ளையெல்லோ. உம்மடை இரத்தத்திலையும் அது குறைவோ எண்டு தெரியாது. வேறை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும். உந்த மாத்திரையை நீரும் தொடாதையும்."

ஊருக்குச் சொல்லி அனுப்பியும் வேறு ஆட்கள் வரவில்லை. இரத்தம் கொடுத்தால் அரிவு வெட்ட உடம்பில் பலம் இராது என்றார்கள். ஐயாவின் ஒரு போத்தல்தான் ஏறியது.

டொக்டர் தாய் வழி என்ற அன்று அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. "என்ரை வயித்திலையோ டொக்டர் ஐயா பிழை?"

"பிழை எண்டில்லை அம்மா. சில பேருக்கு அப்பிடி."

கறுப்பாய்ப் போன மூத்திரம் குறைந்து, பிறகு அடியோடு நின்றது. உடைந்த இரத்தம் சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார்கள். உடம்பு வீங்கியது. இரண்டு நாள் அப்படியே கிடந்துவிட்டு அண்ணன் போய்விட்டார்.

வாட்டுக்கு வெளியே அம்மா என் கையைப் பிடித்தா. "தாய் வழி எண்டதை ஐயாட்டைச் சொல்லாதை." நான் சொல்லவில்லை. மருந்து ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். ஐயா அதைக் காதில் வாங்கவே இல்லை. "என்ரை கிழட்டு இரத்தம் அவனுக்குப் பிடிக்கேல்லை," என்றார். செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தா. வெளியே வந்து இல்லை என்று சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கும் அடுத்து வந்த மாரி மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. வெள்ளை மாத்திரையை மட்டும் தின்றேன். விட்டது, இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. என் இரத்தத்திலும் அந்தப் பொருள் குறைவோ என்று பார்க்கிற வசதி எங்கள் பக்கத்தில் இல்லை. ஈரலில் ஒளிந்திருப்பது அங்கேயே இருக்கிறது. அதைக் கொல்லுகிற மருந்து எது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

அண்ணனின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த அன்று பின்னேரம் ஐயா செலவை ஒவ்வொன்றாய்ச் சொல்ல நான் மனதுக்குள் கூட்டினேன். உழவு மெசினுக்கு, வாடகைக் காருக்கு, அண்ணனை ஊருக்குக் கொண்டுவந்த வானுக்கு, சுடுகாட்டுக்கு, எட்டாம் நாளுக்கு, முப்பத்தொன்றுக்கு. வெட்ட ஆளில்லாமல் மழையில் சாய்ந்த நெல்லை அவர் சேர்க்கச் சொல்லவில்லை. எல்லாமாக ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்.