அந்தோனியாரின் காலடியில் கிளினிக் கொப்பி

ஹஃபீலாவின் நானா கொழும்பில் பெரிய டொக்டராம், அவளிடம் கொப்பியைக் கொடுத்தால் ஒப்பரேசன் திகதி தானாக வருமாம். கண்டக்குழியில் அப்படியொரு கதை உலாவுவதாக மீன் வியாபாரி சொன்னதைத் தோழி ஸாஜிதா கொண்டுவந்து சொன்னாள். ஹஃபீலாவுக்குச் சிரிப்பும் வரவில்லை. அவளோடு கூடப்பிறந்த ஒரே அண்ணன், அந்த நானா, கற்பிட்டியில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்.

பதினொரு வருடம் மருந்துக்கடையில் நின்றவள். வாப்பாவுக்கு ஒரு டொக்டர் கொடுத்த குளிசை மற்ற டொக்டருக்குத் தெரியாமலே போனதைப் பார்த்தபிறகு இந்த வேலைக்கு வந்தாள். நோயாளர் சங்கம் ஒரு மேசையும் போனும் தந்திருக்கிறது. இரண்டு மூன்று கிளினிக்குகளுக்கு அலைபவர்களின், டொக்டர்மார் குறிப்பெழுதும் கொப்பிகளைப் படித்து, இங்கே எழுதியதை அங்கே சொல்லுவாள்.

இந்த வெள்ளிக்கிழமை இன்னாசிப்பிள்ளையின் முறை. கடற்தொழிலாளி. சிறுநீரகத்தில் கட்டி, இருதயத்தில் செயற்கை வால்வு. அடுத்த வியாழன் கொழும்பில் ஒப்பரேசன். இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் குளிசையை எப்போது நிறுத்துவதென்று இருதய டொக்டர் எழுதிய கடிதம் இன்று நாலு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. பிறகு மூன்று மாதம். கட்டி அவ்வளவு நாள் பொறுக்காது.

அந்தக் கடிதத்துக்காக ஐந்து வாரம் அலைந்திருந்தாள். எழுதிய டொக்டர் இப்போது வெளிநாட்டில். மூன்று மணிக்கு இன்னாசிப்பிள்ளையின் மனைவி றோசா வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"கொப்பி எங்க, றோசா அக்கா?"

"அந்தோனியாரிட்ட, மிஸ். தூரத்துக்குத் தொழிலுக்குப் போகேக்க போட்டின்ர பதிவுக் கடதாசிய அவற்ற காலடியில வைக்கிறது எங்கட வழக்கம். அப்பிடி வச்சன், ஒப்பரேசன் முடியுமட்டும்."

"கடிதமும் அதுக்குள்ளயா?"

"ஓம். அதுதான் முக்கியமெண்டு நீங்கதானே சொன்னீங்க."

ஹஃபீலா பேனையை மேசையில் வைத்தாள்.

"ஒரு படம் எடுத்தாப் போதும்."

"மகள் மெரினாவ போனோட அங்கதான் நிக்க விட்டிருக்கன். அந்தோனியார் நிக்கிற கண்ணாடிக் கூடு பூட்டிக் கிடக்கு. திறப்பு ஜோர்ஜ் அண்ணன்ட பொறுப்பு. எங்க வச்சாரெண்டு அவர்ட பெண்சாதிக்கும் தெரியா. அவர் விடிய கடலுக்குப் போனவர்."

"கண்ணாடிய உடைக்க ஏலாதா?"

"நான் உடைக்க மாட்டன். நீங்க வந்து உடைங்க. நீங்க வேற சமயம், உங்களோட அந்தோனியார் கோவிக்க மாட்டார்."

"அவர் கோவிக்க மாட்டார். ஊர்?"

றோசா கதிரையில் உட்கார்ந்தாள்.

ஹஃபீலா கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் மன்றாடினாள். திங்கள் காலைவரை தாருங்கள் என்றாள். பட்டியல் நாலு மணிக்கு முடிவாகும் என்று மறுமுனை மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டது. எல்லோருமே மரியாதையானவர்கள்தான். ஒருவருடைய கொப்பியை மற்றவர் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

போட் கரையை அண்டினால்தான் ஜோர்ஜின் போனுக்குச் சிக்னல் வரும். திறப்பு இருக்கும் இடத்தைக் கேட்க மூன்று தரம் எடுத்தாள். தொடர்பே இல்லை. நாலாம் தரம் மணி போனது; போட் கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. றோசா கதிரையைவிட்டு எழுந்தாள். மூன்று நாற்பத்தெட்டு.

"இஞ்சின் சத்தத்தில கேக்காது, மிஸ். வைக்காதீங்க, வைக்காதீங்க."

மணி போய்க்கொண்டே இருந்தது.