பஸ்ஸை விட்டுவிட்ட அக்கா

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில், காலையில் எழுத உட்காருமுன் புதுக் கதையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் பார்ப்பேன். அவர் வாசலில் தொழிற்சாலை பஸ்ஸுக்காக நின்றிருப்பார். நாவல் எதையும் படித்தவரில்லை. பஸ் வந்ததும் பேசாமல் ஏறிவிட்டால் அந்தக் கதை தேறாது. படியில் கால் வைத்தபடி, "அப்புறம் என்னாச்சு, சொல்லு லா!" என்று அதட்டினால் எழுதலாம். ஒரு கதைக்காகப் பஸ்ஸையே விட்டுவிட்டார். டிரைவர் ஹார்ன் அடித்து அலுத்துக் கிளம்பிப் போனார்.

இப்போது அவர் மகளோடு ஜொகூரில் இருக்கிறார். இன்று காலை புதுக் கதையைப் போனில் சொன்னேன். குறுக்கே ஒரு கேள்வி இல்லை. கடைசியில், "நல்லா இருக்கு லா, எழுது" என்றார்.

பாராட்டு யாருக்கு வேண்டும்? எரிச்சலோடு போனை வைத்தேன். வெளியே அதே பஸ் வந்தது. ஏற ஆளில்லாததால், எங்கள் வாசலில் நிற்காமலே போயிற்று.