பதினொன்றோடு நின்ற வாணங்கள்

இரவு 7.42. பெசன்ட் நகரில் ஒரு திருமண வரவேற்பு. கடலோரத் திடலில் வாணவேடிக்கை. அதை நடத்தும் குழுவில் என் மகள் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எந்த வாணம் எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்பது அவள் பொறுப்பு. கடைசியில் பன்னிரண்டு பெரிய வாணங்கள் என்று சொல்லியிருந்தாள். அவள் வேலையைப் பார்க்கவென்றே வந்திருந்த நான், தெரிந்த முகமே இல்லாத கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து எண்ணினேன். பதினொன்றோடு நின்றுவிட்டது.

எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஒன்று வெடிக்கவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டுமே தெரியும். அவள் கைப்பேசி அணைந்திருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிப்போய்த் தடுப்புக் கயிற்றைத் தாண்டி, வாணக் குழாய்கள் புதைத்திருந்த மணலை நோக்கி நடந்தேன்.

“இன்னாம்மா, கயிறு கட்டிக்கீது, தெரியல? அப்படியே பின்னால போ!” என்று குழுவில் ஒருவர் கத்தினார்.

வெடிக்காத வாணத்தின் அருகே அரை மணி நேரம் யாரும் போகக்கூடாதாம். பிறகு தண்ணீர் ஊற்றித்தான் எடுப்பார்களாம். காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக அந்த அரை மணியைக் கழித்தேன். இப்போதெல்லாம் அவள் நடத்தும் வாணவேடிக்கைக்குப் போனால், அவளாக வரும்வரை நான் இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை.

அன்று ஒருவழியாக வந்தாள். “அது வெடிக்காததுக்கெல்லாம் நான் பயப்படலம்மா. நீ அதுகிட்ட நடந்து வந்தே பாரு, அப்பதான் எனக்கு உசிரே போயிடுச்சு” என்றாள்.